அருள்மொழி கதவு சாத்தினால்

கருணாபுரத்தில் அருள்மொழியைப் போலக் கொடுத்துவைத்தவள் யாரும் இல்லை என்றுதான் தெருவே பேசிக்கொண்டது. பேசாமல் என்ன செய்யும்? மற்ற பெண்கள் விடிவதற்குள் கரும்பு வெட்டவும் சித்தாள் வேலைக்கும் ஓட, இவள் நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்செட்டை மாட்டி, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சம்பாதித்தாள். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற சென்னைக் கம்பெனி அது. மெஷின் கெட்டுப்போனவர்கள் போனில் கத்துவார்கள். இவள் பொறுமையாகப் பதில் சொல்வாள். வெயில் கிடையாது, மேஸ்திரியின் வசவு கிடையாது.

அவளுக்கும் அந்த வேலை கற்கண்டாகத்தான் இருந்தது. காரணம் சொகுசு இல்லை, புருஷன். தமிழழகன் பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கட்டிலில் கிடந்தான். ஒரு போன் முடிந்து அடுத்த போன் வருவதற்குள் எழுந்து அவனைப் புரட்டிப் படுக்கவைப்பாள், துடைத்துவிடுவாள், இரண்டு வாய் கஞ்சி ஊட்டுவாள். வெளி வேலைக்குப் போனால் அவனைப் புரட்ட ஆள் ஏது? புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒருமுறை அப்படி ஆகிப் பிழைத்ததே பெரும்பாடு. இந்த வேலை போனால் அவன் போனான், அவ்வளவுதான்.

கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்கும்போது இனிக்க இனிக்கப் பேசினார்கள். வசதிப்பட்ட நேரம் என்றார்கள், வசதிப்பட்ட இடம் என்றார்கள். சேர்ந்த பிறகுதான் கொக்கியைப் போட்டார்கள்: பேசும்போது பின்னால் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது. ஏசி அறையில் உட்கார்ந்து எவனோ யோசித்த சட்டம். கருணாபுரத்தில் பக்கத்து வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும்.

அந்தக் கொக்கியில் மாட்டாமல் அவளைக் காப்பாற்றி வந்தவள் அடுத்த வீட்டுச் சாலம்மாள். தெருவுக்கே அவள்தான் சட்டம் போட்டாள். அருள்மொழி கதவைச் சாத்தினால் தெரு வாயைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

"கதவு சாத்திக்கினு இருக்குதா? அப்ப பொண்ணு வேலைல இருக்குதுன்னு அர்த்தம். வாய மூடிக்கினு போ" என்று கீரைக்காரி முதல் ஐஸ் வண்டிக்காரன் வரை எல்லாரையும் விரட்டுவாள். அப்படியும் இரண்டு முறை தவறிவிட்டது. ஒருமுறை சேவல், ஒருமுறை கூழ் ஊற்றும் திருவிழாவின் மைக் செட்டு. இரண்டுக்கும் கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னொன்று வந்தால் லேப்டாப்பைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்.

சாலம்மாளுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விஷச் சாராயத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வீடு செத்துவிழுந்த அந்த ஆனி மாதத்தில் அவள் புருஷன் சின்னக்கண்ணுவும் போய்ச் சேர்ந்தார். அத்தனை சாவுக்கும் மேளக்காரர்கள் எங்கே கிடைப்பார்கள்?

"ஒங்க மாமன் வாசப்படி எறங்கறப்ப ஒரு அடி மேளம் கேக்கல அருளு. அநாத பொணம் மாரி போச்சி. நான் எறங்கறப்ப தெருவே அதிரணும். அது போதும் எனுக்கு" என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வாள். மகன் பகலவனிடம் சத்தியமே வாங்கி வைத்திருந்தாள்.

அந்தச் சாலம்மாள் ஒரு வியாழக்கிழமை விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டாள். வெயில் ஏறுவதற்குள் மேளம் வந்துவிட்டது. வைக்கோலைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சி அடித்த அடியில் அருள்மொழி வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடின.

அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு அவளுக்கு ஆடிட். மேலிடத்திலிருந்து ஓர் ஆள் கூடவே இருந்து, அவள் பேசுவதை முழுக்கக் கேட்பார். கேமரா ஓட வேண்டும், மியூட் போடக் கூடாது. பிணத்தின் காலடியில் அழுதுகொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, டீம் லீடர் சுபஸ்ரீக்குப் போன் செய்தாள்.

"அச்சச்சோ, யாரு? உங்க அம்மாவா?"

"பக்கத்து வூட்டு அத்தைங்க மேடம்."

"சொந்தமா?"

"சொந்தத்துக்கும் மேலங்க."

சுபஸ்ரீ மோசமானவள் அல்ல. "அதுக்கெல்லாம் லீவு கிடையாது அருள்மொழி. ஆடிட்டை மாத்தறதும் என் கையில இல்ல. சத்தமில்லாத இடமாப் பாத்து உக்காந்துக்கோங்க, ப்ளீஸ்."

சத்தமில்லாத இடமாம். நெட் வயர் இந்தச் சுவரில் இருக்கிறது, புருஷன் இந்தக் கட்டிலில் இருக்கிறான். எங்கே போவாள்?

வேறு வழியே தெரியவில்லை. பகலவனை வீட்டுப் பின்பக்கம் கூப்பிட்டாள். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"மாமா, நான் இத கேக்கக் கூடாது. நாக்கு அழுவிப் போவும் எனுக்கு" என்று ஆரம்பித்தாள். விக்கி விக்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

பகலவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"எங்கம்மா போட்ட சட்டந்தான அது? ஒங் கதவு சாத்திக்கினு இருக்கறவரிக்கும் மேளம் அடிக்காது. தங்கச்சி கரியாலூர்லேர்ந்து மல எறங்கி வர சாய்ங்காலம் ஆய்டும். அப்பறந்தான் எடுக்கறது. அதுக்குள்ள தொறந்துடு அருளு. நீ தொறந்தவொடனே அடிக்கச் சொல்றேன்."

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினாள். மேளம் நின்றது. ஒப்பாரி வைத்தவர்களும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள். அந்த அமைதி மேளத்தைவிடப் பெரிதாக அவள் நெஞ்சில் அடித்தது.

போன் மேல் போன் வந்தது. எல்லாவற்றுக்கும் குரல் நடுங்காமல் பதில் சொன்னாள். முடிய வேண்டிய நேரத்தில் சுபஸ்ரீ திரையில் எழுதினாள்: நல்லாப் போகுது, இன்னும் கொஞ்ச நேரம் கேக்கணுமாம்.

ஜன்னல் இடுக்கில் தெரு தெரிந்தது. பகலவனின் தங்கச்சி தமிழ்மொழி நினைத்ததற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி, அம்மாவின் மேல் விழுந்து சத்தமில்லாமல் புரண்டாள். கந்தசாமிப் பெரியவர் அடங்கிய குரலில் பேசுவது காதில் விழுந்தது.

"கல்வராயன் மல பக்கம் கருத்துக்கினு வருதுடா. மழ புட்சிக்கினா ஆத்தங்கரைல கட்ட வேவாது. எடுங்கப்பா."

"இன்னுங் கொஞ்சம் பாக்கலாம் பெரியப்பா" என்றான் பகலவன்.

பார்த்தார்கள். இடி உருண்டது. அதற்குமேல் அவனாலும் நிறுத்த முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் லைனில் வந்தார். வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறதாம், வீட்டில் இருக்க முடியவில்லையாம்.

பாடை தோளுக்கு ஏறியது. மேளக்காரர்கள் குச்சியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு பகலவனைப் பார்த்தார்கள். பகலவன் இவள் கதவைப் பார்த்தான்.

"அருளு, தொற" என்றான் தமிழழகன் கட்டிலிலிருந்து, உதடு மட்டும் அசைய. "வேல போனா போவட்டும். தொறடீ."

உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டினால் தாழ்ப்பாள். எட்டினாள். விரல் இரும்பில் பட்டது. திரையில் அந்த மேலிடத்து ஆள் குனிந்திருந்த தலையை நிமிர்த்தினார். அருள்மொழிக்கு அந்த நொடியில் அத்தையின் முகம் வரவில்லை. புருஷனின் முதுகில் அன்றைக்குப் பார்த்த புண்தான் கண்முன் வந்து நின்றது.

கை தானாகக் கீழே இறங்கியது.

"அந்தச் சத்தம் தட்டற மாதிரி இருக்காங்க, இல்ல ஒரசற மாதிரியாங்க?" என்று கேட்டாள்.

சாலம்மாள் வாசப்படி இறங்கினாள். காலடிச் சத்தம் மட்டும் சரசரவென்று கதவைக் கடந்து போனது.

"சூப்பர் அருள்மொழி!" என்றாள் சுபஸ்ரீ, எல்லாம் முடிந்ததும். "பின்னாடி ஒரு சத்தம்கூட இல்லைன்னு அவரே சொன்னார். இவ்ளோ அமைதியான வீடு யாருக்குக் கிடைக்கும்? குடுத்துவெச்சவங்க நீங்க."

ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டுக் கதவைத் திறந்தாள். தெருவில் ஆள் இல்லை. பொரியும் பூவும் தூறலில் நனைந்துகொண்டிருந்தன. அடுத்த வீட்டு வாசப்படியில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். எங்கோ ஆற்றங்கரைப் பக்கம் அப்போதுதான் மேளம் கேட்க ஆரம்பித்தது. உள்ளே போனபோது தமிழழகன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பியிருந்தான். அவனால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

இருட்டும் நேரத்தில் ஈரத் துணியோடு பகலவன் வந்தான். அவள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கண்டபடி திட்ட வேண்டும், ஓங்கி ஓர் அறை விட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

"வேல தங்குச்சா?" என்று கேட்டான்.

"தங்குச்சி மாமா."

தலையாட்டினான். இரண்டடி போய்விட்டுத் திரும்பினான்.

"நாளைக்கு அம்மாவுக்குப் பால் தெளிக்கணும். நீ கதவு சாத்தறதுக்குள்ள முடிச்சிடறோம்."