வியாழன், ஆறிலிருந்து ஏழு வரை

...தோற்கப் போவதில்லை, அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது, இருபத்தேழு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவள், எந்தக் கயிறு எவ்வளவு தாங்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள், இந்த மனுவா தாங்கப் போகிறது... நகராட்சி அலுவலகத்தின் மாடித் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு, இந்த முனையில் அவள், அந்த முனையில் தன்னையும் சேர்க்கச் சொல்லி மனுப் போட்ட நர்ஸ், நடுவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பொது நீச்சல் குளத்தில் வியாழக்கிழமை மாலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்கள் மட்டும். அந்த ஒரு மணி நேரத்தை வாங்குவதற்கு அவளும் டீச்சரும் இன்னும் மூன்று லெஸ்பியன் தோழிகளும் எத்தனை படி ஏறினார்கள், எத்தனை நமட்டுச் சிரிப்பைப் பார்த்தார்கள். டீச்சர் என்றால் அவளோடு பத்தொன்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள், சொந்தக்காரர்கள் 'கூட இருக்கிற ஃப்ரெண்டு' என்று மென்று முழுங்குகிற உறவு. அப்போது இந்த நர்ஸ் எங்கே இருந்தாள்? பள்ளிக்கூடத்தில், பையன்கள் வரிசையில். சே, அந்த வரிசையை அவளா கேட்டு வாங்கினாள் என்பாள் டீச்சர், அடுத்தவர் பக்க நியாயம்தான் டீச்சருக்கு முதலில் கண்ணில் படும், அதனால்தான் இன்றைக்குக் கூட்டி வரவில்லை.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" நர்ஸ் பாட்டிலை நீட்டுகிறாள். வேணாம். அக்காவாம், சண்டை போட வந்த இடத்தில் என்ன அக்கா... ஆனால் குரலில் நடிப்பு இல்லை, டியூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. திருநங்கைகளுக்கு எதிரியா அவள்? வாடகை வீட்டிலிருந்து அவர்களைத் துரத்தியபோது தெருவில் இறங்கிக் கத்தியவள், தொண்டை கட்டி மூன்று நாள் பேச முடியவில்லை. அது வேறு. குளத்துக்குத் தையற்காரம்மா வருகிறாள், புருஷன் அடித்து முதுகில் விழுந்த தழும்புகளோடு, வேறெங்கும் சட்டையைக் கழற்றாதவள், "ஆம்பளையா பொறந்த உடம்பு பக்கத்துல நின்னா எனக்குக் கையெல்லாம் உதறுது, அது என் தப்பா?" என்று கேட்டாள். தப்பில்லை. மூன்று மாதத்துக்கு முன் குளத்து வாசலில் இந்த நர்ஸிடம் தையற்காரம்மாவுக்காக அவள் அதைத்தான் தன் பாணியில் சொன்னாள், எங்களுக்குன்னு இருக்கறது இந்த ஒண்ணுதான், அதையும் கேக்காத. நர்ஸ் சத்தம் போடவில்லை, "எனக்கு அந்த ஒண்ணும் இல்லையேக்கா, ஆம்பளைங்க பக்கம் போனா சிரிக்கிறாங்க, இங்க வந்தா நீங்க நிக்கிறீங்க" என்றாள். அதற்கும் பதில் இருக்கிறது, தனி நேரம் கேள், சேர்ந்து வாங்கித் தருகிறேன். நல்ல பதில். பிறகு ஏன் ஹாஸ்டல் வார்டன் ஞாபகத்துக்கு வருகிறாள், இருபது வயசில், பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டு, நீ இருந்தா மத்த பொண்ணுங்க துணி மாத்தப் பயப்படுறாங்கம்மா... அது வேறு, இது வேறு. வேறுதானே? வேறுதான், அங்கே யாருக்கும் முதுகில் தழும்பு இல்லை, வெறும் வதந்தி. சரி, கூப்பிடுகிறார்கள்.

அதிகாரி மனுவைப் படிக்கவே இல்லை. "எதுக்கும்மா இந்த வம்பு, ரெண்டு பேருக்கும் வேணாம், அந்த ஒரு மணி நேரத்தையும் பொதுவா ஆக்கிடறேன், நீச்சல் கோச்சிங் சார் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காரு" என்று பேனாவைத் திறந்தார், அவ்வளவு சுலபமாக, பஸ் டிக்கெட் கிழிப்பது மாதிரி. அவள் ஆறு வாதம் தயார் செய்திருந்தாள், ஆறும் நர்ஸை நோக்கி, அதிகாரியை நோக்கி ஒன்றுகூட இல்லை, பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தாள், உடனே நர்ஸ் எழுந்துவிட்டாள். "சார், என்னைச் சேத்துக்கச் சொல்லித்தான் எழுதினேன், அந்த நேரத்தையே தூக்கச் சொல்லி இல்ல. எங்க வார்டுக்கு வர்ற பொம்பளைங்க முதுக நான் பாத்திருக்கேன். அது போகும்னா என் மனுவ இப்பவே வாபஸ் வாங்கறேன்." அப்புறம்தான் அவளும் எழுந்தாள், கையோடு கொண்டு வந்திருந்த, அந்த வியாழக்கிழமைகளின் பத்தொன்பது வருஷ வருகைப் பதிவேட்டை மேஜைமேல் வைத்தாள், எடுத்துப் பாருங்க என்றாள், கோச்சிங் சாருக்கு வாரத்தில் மீதி நேரமெல்லாம் இருக்கு என்றாள், இருவரும் மாறி மாறிப் பேசினார்கள், அதிகாரி பேனாவை மூடினார். மூன்று மாதம் தவணை. அதற்குள் யார் வரலாம் என்று ரெண்டு பேரும் ஒரே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வரவேண்டும்.

படியிறங்கும்போது நர்ஸ் கேட்டாள், "இந்த வியாழக்கிழமை வரட்டுமாக்கா?" தையற்காரம்மாவின் கை இன்னமும் உதறத்தான் போகிறது, உள்ளே நடந்த எதுவும் அதை மாற்றவில்லை. "அவங்ககிட்ட மொதல்ல பேசணும்." "நானும் வந்து பேசவா?" "வேணாம், நான் பேசறேன்." நர்ஸ் தலையாட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அந்த ஒரு மணி நேரம் கையை விட்டுப் போகவில்லை, சொன்னேன் பார் என்று டீச்சருக்கு ஃபோன் போடவேண்டும், ஃபோனை எடுத்தாள்... சாய்ந்து முணுமுணுத்தாளே, என்ன அது? 'நம்ம நேரத்தையே தூக்கிடுவாங்க போலிருக்கே.' எங்க நேரம் இல்லை. நம்ம நேரம். அதிகாரியிடம் சொன்னதல்ல, அவர் காதில் விழுந்திருக்காது. வாய் தவறி வந்ததா? தவறியது இப்போதா, இல்லை இவ்வளவு நாளும் 'எங்க' என்றதா... மறுமுனையில் டீச்சர், "சொல்லு, என்னாச்சு?" என்கிறாள், மறுபடியும் கேட்கிறாள், அவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.