முப்பத்திரண்டாவது நாற்காலி

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. வியன்னாவின் பெரிய கல்லறைத் தோட்டத்தில், இன்னும் மூடப்படாத ஒரு குழியைச் சுற்றி நின்று இருபத்தாறு பேர் கைதட்டினார்கள். நான் அங்கே இல்லை. சாலைக்கு எதிர்ப்புறமுள்ள உணவு விடுதியில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். கைதட்டியவர்களே வந்து பெருமையாகச் சொன்னார்கள். ஆகவே கல்லறைக் காட்சி கேட்டது, சாப்பாட்டுக் காட்சி பார்த்தது. சந்தேகம் வருகிற இடத்தில் அடைப்புக்குறி போடுகிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"வியன்னாவின் மழை, வயதான பாடகி ஒருத்தியைப் போல..." இல்லை. மழை மழை மாதிரித்தான் பெய்தது.

"மரணம் என்பது" — இப்படித் தொடங்கும் எதையும் நான் படிப்பதில்லை. உங்களை மட்டும் ஏன் படிக்க வைக்க வேண்டும்?

"ஓட்டோகர் ஹவ்லிச்செக்கின் அடக்கத்துக்கு நான்கு பேர் வந்தார்கள்." இது நிற்கும்.

3

ஓட்டோகர் ஹவ்லிச்செக்கின் அடக்கத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். முப்பத்து நான்கு வருடம் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சீருடை கிடையாது. பயணியோடு பயணியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். கதவு மூடியதும் எழுந்து அடையாள அட்டையைக் காட்டுவார். ரொட்டிக்கடைக்காரரைப் பிடித்திருக்கிறார். பாதிரியாரைப் பிடித்திருக்கிறார். தன்னுடைய கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்த மச்சானையே பிடித்திருக்கிறார்.

அவருடைய மகள் கெர்லின்டே எங்கள் விடுதியின் பின்கூடத்தில் முப்பத்திரண்டு நாற்காலி போடச் சொல்லியிருந்தாள். இந்த ஊரில் ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை. குழியருகே எத்தனை தலை, அதன்பின் சாப்பாட்டு மேசையில் எத்தனை தலை என்றுதான் கேட்பார்கள். கீழ்வீட்டு ஸ்வோபோடா அம்மாள் தன் கணவருக்கு நாற்பத்தைந்து தலை சேர்த்தவள். ஆறு வருடமாக மாடிப்படியில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வந்த நால்வர்: கெர்லின்டே, ஸ்வோபோடா அம்மாள், மேற்படி பாதிரியார், ஒரு பல் மருத்துவர். (பல் மருத்துவர் கதைக்குத் தேவையில்லை. இரண்டு முறை நீக்கிப் பார்த்தேன். ஆனால் வந்தார். ஓட்டோகருக்கு அன்று பத்து மணிக்குப் பல் பார்ப்பதாக இருந்ததாம். நேரம் வீணாகக் கூடாதென்று வந்துவிட்டார்.)

"கூட வேலை பார்த்தவங்க ஒருத்தரும் வரலையா?" என்று ஸ்வோபோடா அம்மாள் கேட்டாளாம்.

"வந்திருப்பாங்க. மாறுவேஷத்துல நிப்பாங்க. அவங்க வேலையே அதுதானே" என்றாளாம் கெர்லின்டே.

4

இப்போது இருபத்தாறு பேர்.

டிரோல் மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றின் தீயணைப்புச் சங்கம். தலைநகரைப் பார்க்க இரண்டு நாள் பயணம். முதல் நாள் அரண்மனையும் ராட்சத ராட்டினமும். இரண்டாம் நாள் இசைமேதைகளின் கல்லறைகள், பிறகு ஷ்னிட்சல் என்னும் பொரித்த இறைச்சி. கருநீலச் சீருடையிலும் தொப்பியிலும் வந்திருந்தார்கள். வழிகாட்டி போல்டி பேருந்திலேயே சொல்லிவிட்டான்: "வியன்னாக்காரங்க சாவை எப்படிக் கொண்டாடுவாங்கன்னு இன்னிக்குக் காட்டப் போறேன். என் கறுப்புக் குடையைப் பாத்துக்கிட்டே வாங்க, தொலைஞ்சு போக மாட்டீங்க."

மழை. கல்லறைத் தோட்டம். கறுப்புக் குடை. இதற்கு மேல் நான் என்ன விளக்குவது? போல்டி கழிப்பறைக்குள் போனான். கெர்லின்டே குடையோடு கடந்து போனாள். இருபத்தாறு பேரும் இருவர் இருவராக அவள் பின்னால் நடந்தார்கள்.

குழியருகே தொப்பியைக் கழற்றினார்கள். வரிசையில் நின்று ஆளுக்கொரு சின்னக் கரண்டி மண் போட்டார்கள். தீயணைப்புக்காரர்களுக்கு வரிசை பழக்கம். பாதிரியார் முடித்ததும் தலைவர் வென்டெலின்தான் முதலில் கைதட்டினார்.

"மலைப்பக்கம் அப்படித்தான் போல" என்று ஸ்வோபோடா அம்மாள் பாதிரியாரிடம் கிசுகிசுத்தாள்.

வென்டெலின் நேராக கெர்லின்டேயிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"அழுகை ரொம்ப இயல்பா இருந்துச்சும்மா. தினமும் பண்றீங்களா?"

"மூணு நாளா."

"அடேங்கப்பா! எப்படித்தான் முடியுதோ!"

(இந்த உரையாடலை நம்ப முடியவில்லை. ஆனால் வென்டெலின் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் ஒரே மாதிரி.)

5

அதே குடைக்குப் பின்னாலேயே எல்லாரும் எங்கள் பின்கூடத்துக்கு வந்தார்கள். அப்பத்தை நூலாக நறுக்கிப் போட்ட சூப்பைப் பரிமாறினேன். அடுத்து வேகவைத்த மாட்டிறைச்சி. சங்கத்துப் பொருளாளர் நோட்பர்கா அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஷ்னிட்சல்னு சொன்னாங்களே, தம்பி?"

"அடக்கம் முடிஞ்சு வந்தா வேகவெச்ச கறிதாங்க. அதுதான் வழக்கம்."

"சாப்பாட்டுலகூடவா!" அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஏ வென்டெலின், சாப்பாடும் நாடகத்துல ஒரு பகுதியாம்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேறு யாருக்கும் புரியவில்லை. ஸ்வோபோடா அம்மாள் தலைகளை எண்ணி முடித்திருந்தாள். முப்பது. எண்ணிக்கை பிடிக்காமல் விசாரணையில் இறங்கினாள்.

"உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்?"

பார்வையாளர்களையும் நாடகத்தில் சேர்க்கிறார்கள் என்று வென்டெலினுக்குப் பட்டது. மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எண்பத்தேழுல பெரிய பனிச்சரிவு. நான் கழுத்து வரைக்கும் உள்ள. இவருதான் மண்வாரியோட வந்தாரு."

"ஓட்டோகரா? மாடி ஏறினாலே அவருக்கு இரைக்குமே!"

"அதனாலதாம்மா அது பெரிய விஷயம்."

மேசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அடுத்து நோட்பர்கா. "எங்கூட ஒரு தடவை நடனம் ஆடினாரு. காலை மிதிச்சே கொன்னுட்டாரு."

"ஆமா!" என்று கெர்லின்டே கத்தினாள். "மிதிப்பாரு! எங்கம்மா இதைத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாங்க!"

பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. எட்டாவது ஆள் பேசும்போது ஓட்டோகர் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டிருந்தார். பதினைந்தாவது ஆளிடம் எரியும் மாதா கோயிலிலிருந்து மணியைத் தோளில் தூக்கி வந்தார். பாதிரியார் குறிப்பெடுத்தார். பல் மருத்துவர் இரண்டாம் முறை இறைச்சி வாங்கிக்கொண்டு, "பல்லைப் பார்த்தா இவ்வளவு தைரியசாலின்னு தெரியல" என்றார்.

கெர்லின்டே சமையலறைக்குள் வந்தாள். முகத்தில் மூன்று நாள் அழுகையின் வீக்கம், அதற்கு மேல் சிரிப்பு.

"எங்கப்பாவை ஊரே திட்டித்தான் கேட்டிருக்கேன். பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா... இன்னும் சூப் இருக்கா? அவங்க சீக்கிரம் கிளம்பிடக் கூடாது."

6

இந்தப் பகுதியை நீக்கலாமா என்று யோசித்தேன்.

விடுதிக்கு வருவதற்கு முன் ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். காரணம் இந்தக் கதைக்கு வேண்டாம். விடிகாலை முதல் டிராமில் திரும்புவேன், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். ஒருவர் தோளைத் தட்டி "டிக்கெட்" என்பார். மாதப் பாஸைக் காட்டுவேன். அடுத்த நிறுத்தம் என்னுடையதாக இருக்கும். இறங்கிவிடுவேன். இப்படிப் பதினொரு முறை. அதே ஆள், அதே பாஸ், என் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால்.

"அவர் கண்களில் ஒரு கனிவு" என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். அந்தக் கண்களில் எதுவும் இருக்காது. வேலையைப் பார்த்தாரா, என்னை எழுப்பினாரா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மாதப் பாஸை ஒரு மாதத்துக்குள் பதினொரு முறை பார்க்க வேண்டியதில்லை.

சமையலறையில் கெர்லின்டே என் எதிரில் ஒரு நிமிடம் நின்றாள். நான் சூப்பை ஊற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

7

பின்கதவு திறந்தது. தலை முதல் கால்வரை நனைந்து போல்டி. கையில் கறுப்புக் குடை.

"யோவ், இருபத்தாறு பேரு. மலைக்காரனுங்க. தொப்பி வெச்சிருப்பானுங்க. ரெண்டு மணி நேரமா ஒவ்வொரு கல்லறையா தேடுறேன்யா. பாத்தியா?"

உள்ளே வென்டெலினின் குரல் கேட்டது. மணியை இறக்கி வைத்த பிறகு ஓட்டோகர் என்ன செய்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போல்டிக்குக் காதில் மழைநீர்.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். போல்டி கூடத்துக்குள் ஓடி, "கிளம்புங்க, இது நம்ம நிகழ்ச்சி இல்ல!" என்று கத்துகிறான். இருபத்தாறு தொப்பிகள் எழுகின்றன. ஸ்வோபோடா அம்மாள் மறுபடி எண்ணுகிறாள். நான்கு. (எழுத எளிதாக இருந்தது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு ஆ: "பாக்கலையே" என்கிறேன். போல்டி மழைக்குள் போகிறான். சாயங்காலம் வரை இறந்தவர்களிடம் விசாரிக்கிறான். (வேலை போகும். அவனுக்கு அம்மா இருக்கிறாள், அல்லது இருப்பதாக வைத்துக்கொண்டேன்.)

முடிவு இ: போல்டியை உட்கார வைத்துச் சூப் கொடுக்கிறேன். எட்டிப் பார்க்கிறான். கெர்லின்டேயின் முகத்தைப் பார்க்கிறான். முப்பத்தோராவது நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் அவரைத் தெரியும்" என்று...

இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

8

எது நடந்திருந்தாலும் ஒரு நாற்காலியாவது மிச்சம். கணக்குப்படி அது எனக்கானது. அந்தப் பின்கூடத்தில் ஓட்டோகரைப் பற்றி உண்மையான ஒரு சங்கதி தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் உட்காரவில்லை. தட்டு எடுப்பவன் உட்காரக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி விதி எதுவும் கிடையாது.

எனவே, படிக்கிறவரே, வாருங்கள். குடையை வாசலில் வைத்துவிடுங்கள். சூப் ஆறுவதற்குள் உட்காருங்கள். அவரை இப்போது உங்களுக்குத் தெரியும். காலை மிதிப்பார். மச்சானைப் பிடிப்பார். தூங்குகிறவனின் தோளைப் பதினொரு முறை தட்டுவார். அங்கிருந்த பலரைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.

கெர்லின்டே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஸ்வோபோடா அம்மாள் உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"நீங்க சொல்லுங்க. உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்?"