ஏழு வருட நேர்த்தி

மலைப்பாதையின் நாலாவது வளைவில் செல்வமலர் நின்று குதிக்காலில் ஏறிய கல்லைத் தட்டிவிட்டாள். நோகுதோ என்று கேட்டேன். அவள் அடுத்த வளைவுக்கு ஏறத் தொடங்கிவிட்டாள். ஏழு வருடமாக ஞாயிறு தவறாமல் வெறுங்காலுடன் பெலெக்ரினோ மலையேறி, குகைக் கோயிலில் கத்தோலிக்கரின் புனிதை ரொசாலியா அம்மாவைக் கும்பிட்டு வருகிறவள் என் மனைவி. நாங்கள் சைவக்காரர்தான். புலம்பெயர்ந்து வந்த இந்தப் பலேர்மோ நகரில் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஞாயிறென்றால் எங்கள் சனத்தில் பாதி இந்த மலையில்தான் நிற்கும்.

நேர்த்திக்கடன் மகனுக்காக. கஜானன் அமெரிக்காவில் பேஸ்போல் விளையாடிக்கொண்டிருந்தான். இங்கே பெடியளோடு கிரிக்கெட் ஆடும்போது அவன் கை மடங்கும், போடுவதெல்லாம் நோபோல். பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் அந்தக் கையைக் கண்டு பேஸ்போலுக்குக் கொண்டுபோனார். அங்கே எறிவதற்குத்தான் சம்பளம். பதினெட்டு வயதில் ஒப்பந்தம் கிடைத்தது. அதற்குப் பிறகு வியா மக்வேதா தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நான் கதையை அங்கேதான் கொண்டுபோய் முடிப்பேன். டிவியில் எப்போது வருவான் என்று கேட்பார்கள். வருவான் என்பேன்.

டிவியில் வருவது பெரிய அணி. அதற்குக் கீழே சின்ன லீக்குகள், படிப்படியாக. ஒவ்வொரு படியும் ஒரு சிற்றூர், பத்து மணித்தியாலப் பஸ், நாலு பேருக்கு ஒரு அறை, காற்றடித்த மெத்தை. மூன்று படி ஏறினான். முழங்கையில் சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடம் சும்மா இருந்தான். ஒரு படி இறக்கினார்கள், திரும்பவும் ஏறினான். அந்த ஞாயிறுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போனவனை அறைக்குள் கூப்பிட்டு இனி வேண்டாமென்று ஐந்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டார்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கோ அப்பா, எனக்கு ஏலாது என்று போனில் சொன்னான். திங்கள் மத்தியானம் வந்திறங்குகிறான், எனக்கோ இன்னும் வாய் வரவில்லை. இத்தனை வருடம் நடந்தவளிடம் நேர்த்தி பொய்த்துப்போச்சு என்று எப்படிச் சொல்வது?

கோயில் படிக்கட்டில், அவள் உள்ளே போகுமுன் சொல்லிவிட்டேன்.

"மலர், பெடியனை விட்டிட்டாங்கள். இனி விளையாட்டு இல்லை. நாளைக்கு வாறான்."

விழுந்தால் பிடிக்கலாமென்று கிட்டப் போனேன். அவள் முகம் மலர்ந்தது. எங்கள் கலியாணப் படத்தில்கூட அப்படியொரு சிரிப்பு இல்லை. ஒரேயடியாக வாறானோ என்று கேட்டாள். ஓம் என்றேன். கைகூப்பினாள்.

"மேலை போகவேணுமெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. வீட்டை வரவேணுமெண்டுதான் கேட்டனான்."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். பிள்ளை அங்கே ஏறுவதற்கு முறிய, அவனை இறக்கச் சொல்லியா இவள் இங்கே ஏறினாள்? நானும் ஏதும் அறியாமல் பின்னால் நடந்திருக்கிறேன்.

"அவன் போனிலை அழுதவன், மலர்," என்றேன். "சின்னப்பிள்ளை மாதிரி அழுதவன்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனது. பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, கை பழுதானதும் என்னாலையோ?"

விசர்க்கதை கதையாதை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

அவள் உள்ளே போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். குகைக்கூரையில் கசியும் தண்ணீரைச் சனம் நோய்க்கென்று எடுத்துப்போகும். அதை ஏந்தும் தகரப் பீலிக்குத் தப்பி அது சொட்டும் மூலை ஒன்று உண்டு. அதன் கீழே உள்ளங்கையை நீட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பின்னால் வரிசை நீண்டது, யாரோ இருமினார்கள். செல்வமலர் அசையவில்லை. விரல்களை இறுக்கி, சொட்டும் சிந்தாமல், கை நிறையட்டுமென்று நின்றாள்.