ஆறு பார் தாங்கும் மூடி

பம்பின் தகட்டில் தொண்ணூற்றிரண்டு மீட்டர் என்று போட்டிருந்தது. ஃபில்டர் மூடியில் ஆறு பார் அழுத்தம் வரைதான் என்று. தொண்ணூற்றிரண்டு மீட்டர் உயரத்துக்குத் தள்ளுகிற பம்ப், தண்ணீர் போக வழியில்லாமல் நின்றால் ஒன்பது பார் கொடுக்கும். இந்தக் கணக்குத் தெரியாமல் ஸ்பெயினில், எங்கள் அல்மேரியாவில் யாரும் குடைமிளகாய் போடுவதில்லை. என் புருஷன் லாசரோவுக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்தப் பம்பைப் பூட்டினான்.

பழைய பம்ப் முந்தின நாள் புகைந்துபோயிருந்தது. பசுமைக்குடிலுக்குள் நட்டு மூன்று நாளான நாற்றுகள், பன்னிரண்டாயிரம். ஆகஸ்ட் வெயில். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தும் உள்ளே நின்றால் கண் எரிந்தது. அன்று தண்ணீர் போகாவிட்டால் சாயங்காலத்துக்குள் பாதி நாற்று படுத்துவிடும். என் தங்கை வீட்டுக்காரர் கொட்டகையில் சும்மா கிடந்த பெரிய பம்பை லாசரோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"கேஜைப் பாரு, நியேவெஸ். மூணுதானே காட்டுது?"

"தண்ணி ஓடுறப்ப மூணு. வால்வெல்லாம் மூடினா?"

"எல்லாத்தையும் யாரு மூடப்போறா?"

"நீதான். ஒரு பாத்தியை மூடிட்டுத்தானே அடுத்ததைத் திறப்பே?"

பழைய பம்ப் எப்படி மூடினாலும் நாலைத் தாண்டாது. அதனால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே அந்தக் கைப்பழக்கம் உண்டு.

"உன் வாய்தான் காலையிலேர்ந்து ஒன்பது பார்ல ஓடுது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து எண்ணெய் ஊற்றினேன், ஒரு வாய்கூட இறங்கவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி பம்ப் அறைக்குப் போனேன். மூடியைப் பிடித்திருந்த வளையத்தின் ஓரம் கசிய ஆரம்பித்திருந்தது. லாசரோ அதன் மேல் குனிந்து ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டிருந்தான். அது கழன்றால் நேராக அவன் முகத்தில்தான் அடிக்கும்.

"மூஞ்சிய அதுக்கு நேரா வைக்காதே. பம்பை நிறுத்திட்டு முடுக்கு."

"நிறுத்தினா நாற்றுக்கு நீ வாயால ஊத்துவியா?"

"சரி, ரெண்டாவது பாத்திக்கு நான் போய் மாத்துறேன். உன்னை நம்ப முடியாது."

"போ தாயே. கொஞ்ச நேரம் என் காது நிம்மதியா இருக்கும்."

வால்வுகள் குடிலின் மறுகோடியில். இரண்டாவதைத் திற, அப்புறம் முதலாவதை மூடு. வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு போனேன். மேல்காற்று பிளாஸ்டிக் கூரையைப் படபடவென்று அடித்தது. நடுவில் ஒரு வரிசை வாடிக் கிடந்தது. குழாயைத் தூக்கிப் பார்த்தேன். சொட்டு விழவில்லை. அடைப்பா, அழுத்தம் போதவில்லையா, இந்த வரிசை போய்விடுமா என்று மண்டைக்குள் அதுவே ஓட வால்வுக்கு வந்து சேர்ந்தேன்.

கை முதல் வால்வை மூடியது. இரண்டாவதைப் பிடித்துத் திருப்பினேன். சுண்ணாம்பு படிந்து இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. அப்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. முதல் வால்வுக்குத் திரும்பினேன். பாதி திறப்பதற்குள் பம்ப் அறைப் பக்கம் டமார் என்று கேட்டது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது.

மூடி தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. லாசரோ சேற்றில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் அவன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்திவிட்டு அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். கண், மூக்கு, பல், எல்லாம் இருந்தது.

"பெரிய ஸ்பேனரை எடுக்கத் திரும்பினேன்" என்றான், ரொம்பச் சத்தமாக. "அந்த நேரம் பாத்துப் போச்சு. நீ சொன்னே. நான்தான் கேக்கலை. என் தப்புதான், நியேவெஸ்."

அவன் அழுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் தன் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"நான்தான் மூடினேன்" என்றேன்.

"என்ன? காது அடைச்சுப்போச்சு. சத்தமாச் சொல்லு."

அவன் காதருகே குனிந்தேன்.

"பம்பை மாத்தணும்னு சொன்னேன்" என்று கத்தினேன்.

சரி, சரி என்று தலையாட்டினான்.