சிவப்பில் எழுதிய பெயர்

"அவர் வர்றதுக்குள்ள அந்தக் கல்லைப் பிடுங்கிப் போட்டுடணும்மா" என்றான் ஹைவாங்.

ஷூயின் செருப்புக்கு அடித்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "எதுக்குடா பிடுங்கணும்?"

"எதுக்கா? உசுரோட இருக்கிற மனுஷன் தன் கல்லறையைத் தானே பார்த்தா என்ன நினைப்பாரு?"

"பார்த்தா பார்க்கட்டும். நான்தானே வச்சேன். கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன்."

ஷூயினின் புருஷன் தெங்ஷான் வருகிறார் என்று கடிதம் வந்து பத்து நாளாகிறது. தைவானுக்கு அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்கள் ஊர் பார்க்க வரலாம் என்று போன வருஷம்தான் கதவு திறந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், "மண்ணெண்ணெய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று பக்கத்து வீட்டு பாட்டிலை இரவல் வாங்கிக்கொண்டு படியிறங்கிய மனுஷன். சீன உள்நாட்டுப் போரில் தோற்றுத் தைவானுக்கு ஓடிய படை கப்பல் ஏறும்போது, கடைத்தெருவில் கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் வளைத்துக்கொண்டு போனது. அப்போது ஷூயினுக்குப் பத்தொன்பது வயது, ஹைவாங் வயிற்றில்.

கல்லறை வந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த அதிகாரி கேட்டார்.

"உன் புருஷன் அக்கரையில இருக்கானாமே?"

"இல்லீங்க. கடல்ல போயிட்டாரு."

"பிணம்?"

"கிடைக்கலீங்க. செருப்பு மட்டும்தான் கரையில கிடந்துச்சு."

கரையில் ஒன்றும் கிடக்கவில்லை. அவர் திரும்பி வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று தைத்து வைத்திருந்த துணிச்செருப்பு அது. அதைக் கடல்நீரில் ஊறவைத்து, மணலில் தேய்த்து, வெயிலில் காயப்போட்டு எடுத்துக் காட்டினாள். எதிரியின் அக்கரையில் தகப்பன் இருக்கிறான் என்று எழுதிவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, மீன்பிடிக்கப் படகும் இல்லை. பொய்யை நம்பவைக்க, அந்தச் செருப்பையும் அவருடைய கல்யாணச் சட்டையையும் மலைச்சரிவில் புதைத்துக் கல் நட்டாள்.

கல்லில் புருஷன் பெயரோடு பெண்டாட்டி பெயரையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். போனவர் பெயருக்குக் கறுப்பு மை, இருப்பவர் பெயருக்குச் சிவப்பு. இருப்பவரும் போனபின் சிவப்பைக் கறுப்பாக்குவார்கள். ஒவ்வொரு சிங்மிங் நாளும், ஊரே கல்லறைகளைத் துப்புரவு செய்யும்போது, கடற்காற்று தின்ற எழுத்துகளுக்கு ஷூயின் மறுபடி வண்ணம் பூசுவாள். பழைய வழக்கங்களை ஒழிக்கிறோம் என்று அரசாங்க ஆட்கள் கல்லறைகளை உடைத்த வருஷங்களில் கல்லைக் கவிழ்த்துப் போட்டு, மேலே சர்க்கரைவள்ளிக் கொடி படரவிட்டாள். இடையில் இரண்டு பேர் பெண் கேட்டு ஆளனுப்பினார்கள். "என் இடம் அங்க சிவப்புல எழுதியாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சிங்மிங்குக்கு மூன்று நாள் முன்னால் அவர் வந்தார். தலையில் பாதி முடி இல்லை. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்பதுபோல் நின்றார்.

ஷூயின் நூடுல்ஸ் கொதிக்கும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். பக்கத்து வீட்டு சாய்யுன்தான் முந்திக்கொண்டாள். எழுபது வயது, இன்னும் அதே நாக்கு.

"ஏம்ப்பா தெங்ஷான், எங்க வீட்டு பாட்டில் எங்கப்பா?"

தெங்ஷான் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். "உடைஞ்சுபோச்சு அக்கா. கப்பல்லயே உடைஞ்சுபோச்சு."

"நல்ல பாட்டில். முப்பத்தெட்டு வருஷமா எங்க வீட்ல விளக்கே எரியல தெரியுமா!" என்றவள் குரலை இறக்கினாள். "அதே கப்பல்லதானே எங்காளும் ஏறினாரு?"

"ஏறினாரு. இறங்கினதும் வேற படையில போட்டுட்டாங்க. அப்புறம் பார்க்கல அக்கா."

"சரி, சரி. நீ உள்ள போ. அவ நூடுல்ஸ் குழைஞ்சிடப்போவுது."

மெல்லிசு நூடுல்ஸில் இரண்டு முட்டை போட்டு ஷூயின் முன்னால் வைத்தாள். அவர் ஒன்றைத் தின்றார். மற்றதைக் கிண்ணத்தில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சொல்லிடுங்க" என்றாள்.

"என்னத்தை?"

"அங்க யாரு இருக்காங்கன்னு. அதைச் சொல்லாம அந்த முட்டை உள்ள இறங்காது."

"பதினாலு வருஷம் தனியாத்தான் இருந்தேன் ஷூயின். நீயும் வேற வாழ்க்கை பார்த்திருப்பேன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம்... ரெண்டு பொண்ணுங்க."

"நல்லவளா?"

"நல்லவதான்."

"சமைப்பாளா?"

"உப்புதான் கொஞ்சம் தூக்கலாப் போடுவா."

"கடல் பக்கம் இல்லாம ஆத்துநீர்ல வளர்ந்தவளா இருக்கும், உப்பளவு தெரியல" என்றாள் ஷூயின். எழுந்து போய்த் தைத்துவைத்த செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் போட்டாள். அவர் கால் நுழைத்தார். கொஞ்சம் இறுக்கம்.

"இருபத்திரெண்டு வயசுக் காலுக்குத் தச்சது. வேற அளவு எனக்குத் தெரியாது."

"போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்றார்.

சிங்மிங் காலையில் அவரே கேட்டார். "என் வீட்டைக் காட்ட மாட்டியா? ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

ஹைவாங் தலையைக் குனிந்துகொண்டான். மூவரும் மலையேறினார்கள். அவர் கல் முன்னால் குந்தி, விரலால் எழுத்தைத் தடவினார்.

"கல்லு நல்ல கல்லு."

"மட்டமானதையா வைப்பேன்?"

"உள்ள யாரு?"

"செருப்பும் சட்டையும். வேற யாரு இருக்கா?"

"பக்கத்துல சிவப்புல..."

"நான்தான்."

அவர் ஷூயின் கொண்டுவந்திருந்த சிவப்பு மை டப்பாவை இழுத்துத் தன் பெயரின் கறுப்பின்மேல் சிவப்பைப் பூச ஆரம்பித்தார். ஒரு கோடு வழிந்து கீழே ஓடியது. ஹைவாங் துடைக்கப் போனான். "விடு, அவர் பூசினது அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஷூயின்.

பிறகு அவளே சொன்னாள். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உசுரோட எங்க வேணா இருங்க, யாரோட வேணா இருங்க. அவ உங்களுக்குச் சோறு போட்டவ, நான் குறை சொல்லல. போனப்புறம் இங்க வந்துடுங்க. நான் வரும்போது பக்கத்துல வெறும் செருப்பு மட்டும் இருக்கக் கூடாது."

"வந்துடறேன்."

"மண்ணெண்ணெய்க்குப் போனப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"இந்தத் தடவை வந்துடறேன் ஷூயின்."

இருபது நாள் இருந்தார். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினார்.

மூன்று வருஷம் மாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சிங்மிங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடிதத்துக்குப் பதில் ஒரு பொட்டலம் வந்தது. மேலே வேறு கையெழுத்து. ஹைவாங் பிரித்துப் படித்தான். எழுதியவள் அங்கே இருக்கும் மூத்த மகள் யாலிங்.

"அப்பா தை மாதக் குளிரில் படுக்கையில் விழுந்து எழுந்திருக்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோய் வைக்கச் சொல்லித்தான் போனார். சாம்பலை எடுத்துக்கொண்டு நான் கிளம்பவும் இருந்தேன். அம்மா சாம்பல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். 'அவளுக்கு ஊர் இருக்கிறது, மகன் இருக்கிறான், எனக்குப் பக்கத்தில் யார் படுப்பார்கள்' என்று அழுகிறாள். என்னால் பிடுங்க முடியவில்லை. இந்தச் செருப்பைத்தான் கடைசிவரை போட்டிருந்தார். மன்னித்துவிடுங்கள், பெரியம்மா."

"பெரியம்மான்னா எழுதியிருக்கா?"

"ஆமாம்மா."

"நல்லா வளர்த்திருக்கா."

செருப்பைக் கையில் எடுத்தாள். குதிகால் தேய்ந்து மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. பக்கவாட்டில் துணி நன்றாக விட்டுக்கொடுத்திருந்தது. உள்ளே ஐந்து விரலும் பதிந்த பள்ளம். அதில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள்.

"நான் போய்ச் சண்டை போட்டுக் கொண்டாரட்டுமா?" என்றான் ஹைவாங்.

"யார்கிட்ட போய்ச் சண்டை போடுவே? அவளும் என்னை மாதிரி ஒருத்திதான்டா."

சிங்மிங் அன்று அவன் கல்லடியில் தோண்டினான். பழைய செருப்பு மக்கி மண்ணாகியிருந்தது. சட்டைப் பொத்தான் இரண்டு மட்டும் கிடைத்தது. ஷூயின் தேய்ந்த செருப்பை ஜோடி மாறாமல் உள்ளே வைத்தாள், வாசலில் கழற்றி வைப்பதுபோல. மண்ணை மூடியபின் கறுப்பு மையை எடுத்து அவர் பெயரின் சிவப்பை அவளே மூடினாள். வழிந்த அந்த ஒரு கோட்டை மட்டும் விட்டுவிட்டாள்.

"உன் பேருக்கும் பூசட்டுமாம்மா?" சிவப்பு டப்பாவோடு ஹைவாங் தயங்கினான்.

"ஏன் கேக்கறே? என்னை வேற எங்க வைக்கப்போறே?"

"வேற எங்கம்மா?"

"அப்ப பூசு. நல்லா அழுத்திப் பூசு. போன வருஷம் பூசினது பாதிகூட நிக்கல."

கீழே இறங்கும்போது பாதையோரத்தில் சாய்யுன் தடியூன்றி நின்றிருந்தாள். அவளுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரியாது.

"என்னடி ஷூயின், அவரைக் கொண்டாந்துட்டாங்களாமே?"

"இல்லக்கா." ஷூயின் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "செருப்பு மட்டும்தான் வந்துச்சு."