பெயிண்ட் படாத கோடு

எஸ்றா வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டல்தான் ஆறு நாளாக அவனை ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன விடவில்லை.

நடந்தது இதுதான். பாண்டித்துரையின் வள்ளத்தில் சங்கு குளிக்கப் போன பெவின், வலைப்பை நிறையச் சங்கோடு ஏணியில் ஏறும்போது, அந்த ஏணியை வள்ளத்து ஓரத்தில் மாட்டியிருந்த இரண்டு கொக்கிகளில் ஒன்று படக்கென்று முறிந்தது. முறிந்த பைப்பு நுனி அவன் வலது உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்துவிட்டது. கரைக்கு வந்த ஏணியைச் சுற்றித் திரேஸ்புரம் ஊரே கூடி நின்றது. பார்த்தால், ஏணியைச் செய்த வெல்டர் எஸ்றா அடித்த வெல்டு புதுப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டு அப்படியே இருக்கிறது. முறிந்தது அதற்கு ஒரு நூல் தள்ளி, பைப்பில்.

"வெல்டு அசையாம நிக்கு. பைப்புதாம்வே சொத்தை. என்ன சொல்லுதீரு எஸ்றா?" என்று கேட்டார் பாண்டித்துரை.

ஆமாம் என்பதுபோல எஸ்றா தலையை ஆட்டினான்.

பைப்பு கொடுத்தது இரும்புக்கடை தேவகனி. பதினெட்டு வருஷமாக வள்ளத்துக்காரர்களுக்கு ஆணி முதல் நங்கூரச் சங்கிலி வரை அவள் கடைதான். அவள் படியேறுகிறவர்கள் அன்று மத்தியானத்தோடு நின்றுபோனார்கள். "ஓட்டைப் பைப்பை வித்து ஒரு பயலோட கையக் கெடுத்துட்டா" என்று டீக்கடையில் அவள் காதுபடவே பேசினார்கள். ஊர் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

எஸ்றா மூடியிருக்கலாம் அந்த வாயை. ஏனென்றால் அவனுக்குத் தெரியும்.

எட்டு மாதம் முன்பு அந்த ஏணியைச் செய்தபோது இரும்புக்கு அடிக்கிற சாதா வெல்டிங் ராடு தீர்ந்துவிட்டது. வள்ளம் மறுநாள் கிளம்ப வேண்டும், பாண்டித்துரை தலைமேல் நிற்கிறார். துறைமுகத்தில் டேங்க் வேலை பார்த்தபோது மிஞ்சிய எஸ்.எஸ். ராடு, துருப்பிடிக்காத எவர்சில்வர் ராடு, ஒரு கட்டு பட்டறையில் கிடந்தது. எடுத்து அடித்துவிட்டான். இரும்பைத் தனியாக விட்டால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் துருப்பிடிக்கும். பக்கத்தில் எஸ்.எஸ். உட்கார்ந்துகொண்டு, உப்புத்தண்ணீரும் சேர்ந்துவிட்டால், எஸ்.எஸ். சொகுசாக இருக்கும், பாடெல்லாம் இரும்பின் தலையில் விடியும். வெல்டோடு சேர்த்து நன்றாகப் பெயிண்ட் அடித்தாலாவது கொஞ்சம் தாங்கும். அடிக்கத்தான் பிரஷை எடுத்தான். அப்போதுதான் பெவின் வந்து, "அண்ணாச்சி, வெள்ளிக்கம்பி பதிச்ச மாதிரி இருக்கு! அதுமேல பெயிண்ட்ட அடிச்சுக் கெடுத்துராதிய" என்றான். எஸ்றாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெல்டைச் சுற்றி அரை அங்குலம் விட்டுவிட்டுப் பெயிண்ட் அடித்தான். கடல் தின்பதற்கு அந்த அரை அங்குலம் போதாதா?

சரி, அதாவது அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு நாலு வள்ளத்துக்காரர்கள் "எங்களுக்கும் அதே வெள்ளி வெல்டு அடிச்சுத் தாங்க" என்று தேடி வந்தார்களே, அன்றைக்குப் பட்டறையில் சாதா ராடு பெட்டி பெட்டியாக இருந்தது. இருந்தும் எஸ்.எஸ்.ஸைத்தான் எடுத்தான். பேர் வாங்கும் ஆசை. அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். உள்ளே நுழையவே கால் கூசியது.

"கை எப்படி இருக்குடே?"

"ரெண்டு விரலு மடங்க மாட்டேங்கு அண்ணாச்சி," என்றான் பெவின். "அது போகுது. இன்னொரு கொக்கியிலயும் உங்க வெல்டு விட்டிருந்தா நான் மேல வந்திருக்க மாட்டேன். அதைப் புடிச்சுத்தான் தொங்குனேன். எங்கம்மை உங்களுக்காவ மாதா கோயில்ல மெழுவத்திரி கொளுத்திட்டு வந்தா."

அவன் செவிட்டில் நாலு அறை விட்டிருந்தால்கூட எஸ்றா வாங்கிக்கொண்டிருப்பான். கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்தான். வாசலில் நின்று அழுதான்.

அன்று சாயங்காலம் ஏலக்கூடத்தில் வள்ளத்துக்காரர்கள் கூடினார்கள். தேவகனி கடையில் இனி யாரும் எதுவும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்வதற்குத்தான் அந்தக் கூட்டம். அவளும் வந்திருந்தாள், கையில் அதே சரக்கில் வெட்டிய ஒரு பைப்புத் துண்டோடு.

"இதை யாராவது முறிச்சுக் காட்டுங்க. நானே கடையப் பூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"எதுக்கு? எஸ்றாதான் அன்னைக்கே ஒத்துக்கிட்டாரே," என்றார் பாண்டித்துரை.

எஸ்றா எழுந்தான். "பைப்பு நல்ல பைப்பு. தப்பு எங்கிட்டதான். இரும்புக்குப் போய் எஸ்.எஸ். ராடு அடிச்சேன். அதுதான் பைப்பத் தின்னுருக்கு."

பாண்டித்துரை சிரித்துவிட்டார். "பொம்பளை ஒத்தையில நிக்காளேன்னு பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதாரு. நாசரேத்து ஊர்க்காரருல்லா, ஏசுநாதர் மாதிரி! பெரிய மனசுவே உமக்கு."

கைதட்டினார்கள். கைதட்டினார்கள் ஐயா! எஸ்றாவுக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"கையத் தட்டாதிய!" என்று கத்தினான். "நாலு வள்ளம் நாளைக்கு அதே வெள்ளி வெல்டு ஏணியோட போகுது. கழட்டுங்க முதல்ல!"

"அட போம்வே, கண்ணாடி மாதிரி இருக்கு."

மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்தான். தேவகனியின் பைப்பைத் தரையில் போட்டு ஓங்கி அடித்தான். நசுங்கியது, முறியவில்லை. நேரே கரையில் கிடந்த அந்த நாலு வள்ளங்களுக்குப் போனான், பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள். முதல் வள்ளத்து ஏணியில், மின்னுகிற கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றே அடி. கொக்கி கழன்று விழுந்தது. பெயிண்டுக்கு அடியிலிருந்து துரு பொலபொலவென்று மணலில் கொட்டியது. அடுத்த வள்ளத்துக் கொக்கியும் முறிந்தது, அதற்கடுத்ததும் முறிந்தது. நாலாவது வளைந்ததோடு நின்றது.

பாண்டித்துரை விழுந்து கிடந்த கொக்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வே, அன்னைக்கு நீரு தலைய ஆட்டும்போது உமக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. பாண்டித்துரை கொக்கியை அவன் காலடியில் போட்டுவிட்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். தேவகனி மட்டும் நின்றாள்.

"அக்கா," என்றான் எஸ்றா.

"எம் பைப்பு நல்ல பைப்புன்னு எனக்குத் தெரியும் தம்பி," என்றாள் அவள். "அது தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல நான் ஒருத்தி மட்டுந்தான்னு நெனச்சுல்லா இத்தனை நாளும் அழுதேன்."