உறங்குபவர்களின் ஓட்டு

"பாதி வழியில விண்கலத்தை விட்டு இறங்கறேன்னு சொன்னா என்னம்மா அர்த்தம்?"

"இது விண்கலம் இல்ல சார், உங்க ஆஸ்பத்திரி மாடி. இறங்கறதுக்குப் படி இருக்கு."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல!"

"தெரியும் சார். அதை எழுதினதே நான்தான்."

மாடியில் நடந்த இந்தச் சண்டை தற்செயலாக என் காதில் விழுந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காதை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். துணி உலர்த்தும் சாக்கில் மாடிப்படியின் நடுவில் நின்றிருந்தேன். வாளியில் இருந்தது ஒரே ஒரு துண்டு.

கத்தியவர் எங்கள் பல் டாக்டர். கீழே முன்பக்கம் அவர் ஆஸ்பத்திரி, பின்பக்கம் எங்கள் குடித்தனம், மாடியில் அவர் தலைவராக இருக்கும் அறிவியல் புனைகதை ரசிகர் சங்கம். அங்கே அவருக்குக் கேப்டன் என்று பெயர். வாரம் முழுக்க அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்பவர், ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறந்தால் மூடமாட்டார். பதில் சொன்னவள் சங்கத்தின் செயலாளர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பெண். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு அது தெருமுனை வரை கேட்டது.

விஷயம் இதுதான். அவளுடைய கம்பெனி வேறு ஊரில் பெரிய பட்டறை திறக்கிறது. மேற்பார்வைக்கு இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முறை தவணை கேட்டு வாங்கியாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி போய் நிற்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அதற்குமுன் சங்கப் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தாள். வாங்கிக்கொள்ளத்தான் கை நீளவில்லை.

எப்படி நீளும்? சங்கம் செய்த சமூக சேவையெல்லாம் அவள் ஒருத்தி செய்ததுதானே. ரத்ததான முகாம் நடத்தினார்கள். டாக்டர்களை அழைத்து, கட்டில் இரவல் வாங்கி, பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டு அலைந்தது அவள். சங்க உறுப்பினரான வெல்டர் செய்த ஒரே காரியம், பச்சை நிற வேற்றுக்கிரக உடுப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றதுதான். ஊசியைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. வரவேற்பைப் பார்த்து மயங்கியவரை அன்றுதான் பார்த்தேன். அந்த ஆளுக்கே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமோ என்று பயந்துவிட்டார்கள்.

முதியோர் இல்லத்துக்குப் போய்க் கதை படித்தார்கள். முந்நூறு வருஷம் பயணம் செய்து இன்னொரு சூரியனுக்குப் போகிறவனின் கதையைக் கேப்டன் ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டிருக்க, முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "அத்தனை வருஷம் போறானே, வீட்டுல சொல்லிட்டுப் போனானா?" என்று கேட்டார். கேப்டனுக்கு முகம் சுருங்கிவிட்டது. செயலாளர் மட்டும் சிரித்தாள். பிறகு எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவினாள்.

விண்வெளியில் கலம் வெடித்தால் சத்தம் கேட்குமா கேட்காதா என்று வெல்டரும் கேப்டனும் ஒரு கோடைக்காலம் முழுக்க அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இவர்கள் கத்தி முடிப்பதற்குள் அவள் நாற்காலிகளைத் துடைத்து அடுக்கி, புத்தக அலமாரியைப் பூட்டி, இவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாவி அவளிடம்தானே, முன்கூட்டிக் கிளம்பவும் முடியாது.

இனி அந்த விதி. சங்கம் ஆரம்பித்த புதிதில் எல்லாருக்கும் ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் கதைகளில், நெடும்பயணம் போகிறவர்களைப் பெட்டிக்குள் உறையவைத்துத் தூங்கப் போட்டுவிடுவார்களாம். நூறு வருஷம் கழித்து எழுந்து பல் தேய்ப்பார்களாம். அதைப் படித்துவிட்டு இவர்களும் முடிவு செய்தார்கள்: நம் சங்கத்தில் முன்னாள் உறுப்பினர் என்று யாருமே கிடையாது. ஊரைவிட்டுப் போனவர், கல்யாணமாகிப் போனவர், சலித்துப்போய் நின்றவர் எல்லாரும் உறக்கத்தில் இருப்பவர்கள். ஆள் உறங்கினாலும் ஓட்டு உண்டு. முக்கியத் தீர்மானம் எதுவானாலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்குமேல் நேரில் வந்து கை தூக்க வேண்டும். செயலாளர் விலகுவதும் முக்கியத் தீர்மானம்.

கேட்க அழகாகத்தான் இருந்தது. இப்போது விழித்திருப்பவர்கள் ஒரு பெஞ்சில் அடங்குவார்கள். உறங்குபவர்கள் நாற்பது சொச்சம்.

அன்று சண்டை முடிந்து அவள் இறங்கி வந்தபோது, துண்டைப் பிழிவதுபோல் பாவனை செய்துகொண்டே கேட்டேன்.

"ஏம்மா, போறேன்னா போக வேண்டியதுதானே? உன்னை யாரு கட்டியா வச்சிருக்காங்க?"

"அது நான் எழுதின விதிக்கா. நானே மீறினா அப்புறம் என்னக்கா மரியாதை?" என்றாள். பிறகு வாளியைப் பார்த்துவிட்டு, "அந்தத் துண்டு காஞ்சு ரொம்ப நேரமாச்சு" என்றாள்.

மறுநாளிலிருந்து உறங்குபவர்களை எழுப்பத் தொடங்கினாள். கடை முடிந்து வந்து, சிக்னல் கிடைக்கும் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் இருப்பது என் குற்றமில்லை.

"அண்ணா, நான்தான். சங்கத்திலேருந்து... ஆமாண்ணா, இன்னும் இருக்கு."

"அக்கா, குழந்தைங்க எப்படி இருக்காங்க? ஆமாக்கா, இன்னும் நடக்குது. அந்த ரோபோவா? இருக்குக்கா, ஒரு கை மட்டும் விழுந்துடுச்சு."

எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள் போல. 'இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு' என்று சொல்லிச் சொல்லி அவள் குரல் கம்மிப்போனது. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவர் கேட்டதாகவும் தெரியவில்லை. கேட்டிருந்தால் அவள் பதில் என் ஜன்னலுக்கு வந்திருக்கும்.

ஆனால் வந்தார்கள். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு, படியில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள். தொப்பை போட்டவர்கள், தலை வழுக்கையானவர்கள், மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்த ஒருத்தி. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "டேய், இதே நாற்காலிடா!" என்று ஒருவர் அதைத் தடவிக்கொடுத்தார். அலமாரியைத் திறந்து புத்தகத்தை முகர்ந்தவர்கள் உண்டு. மூலையில் நின்ற, ஒரு கை விழுந்த தகர ரோபோவோடு வரிசை கட்டி நின்று படம் எடுத்தார்கள். கேப்டன் மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றார்.

நான் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப் போனேன். போனவள் அங்கேயே ஓரமாக நின்றுகொண்டேன்.

செயலாளர் தீர்மானத்தைப் படித்தாள். பணி மாற்றம் காரணமாகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், அனுமதிக்க வேண்டுகிறேன். அவ்வளவுதான்.

"என்னம்மா இப்படிச் சொல்ற?" என்றார் வழுக்கைத்தலை ஒருவர். "நாங்க எல்லாம் எங்கெங்கேயோ போயிட்டோம். இங்க நீ இருக்கேங்கற ஒரு நிம்மதிதானே."

"நீ போயிட்டா இதை யாரு பாத்துக்குவா?"

"நீங்க பாத்துக்கலாமே அண்ணா."

"நான் எங்கம்மா... எனக்கு எங்க நேரம்?"

பிள்ளைகளை இழுத்து வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குன்னு பழசா மிச்சம் இருக்கறது இந்த மாடி ஒண்ணுதான். இதையும் மூடிடாத தங்கச்சி."

கேப்டன் தொண்டையைச் செருமினார். "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

ஒரே ஒரு கை எழுந்தது. லிஃப்ட் மெக்கானிக். சங்கத்தில் இருப்பவர்களிலேயே சின்ன வயசுக்காரன். விண்வெளிக்கு லிஃப்ட் போட்டால் கயிறு யார் மாற்றுவது என்று கேட்டுக் கேட்டே கேப்டனின் பகையைச் சம்பாதித்தவன்.

"எதிர்க்கிறவங்க?"

மற்ற எல்லாக் கைகளும் மேலே போயின. எத்தனை அன்பான கைகள் தெரியுமா! அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே தூக்கினார்கள். அவளுக்கு ஏதோ விருது கொடுப்பதாகவே நினைத்திருப்பார்கள்.

அவள் ஒவ்வொரு கையாக எண்ணினாள். "தீர்மானம் தோற்றது" என்று வழக்கமான குரலில் அறிவித்தாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

தட்டி ஓய்ந்ததும் வெல்டர் கேட்டார்: "டீ உண்டாம்மா?"

அவள் தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். சாவிக்கொத்தை ரோபோவின் மிச்சமிருந்த கையில் மாட்டினாள். படியிறங்கிப் போனாள். பால் வாங்கத்தான் போகிறாள் என்று மாடியில் எல்லாரும் நாற்காலியைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நான் பின்னாலேயே ஓடினேன். "எங்கம்மா போற? விதி என்னாச்சு?"

"விதிப்படி ஓட்டு எடுத்தாச்சுக்கா." செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கால் வலிக்குது. இதுக்குமேல நிக்க முடியல."

செருப்பு கிடைத்தது. போய்விட்டாள். மேலே அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, பால் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார்கள். இத்தனை வருஷமாக அங்கே டீ குடித்தவர்களுக்கு அந்தக் கடை எது என்று தெரியவில்லை.

மறுநாளே, நாலு வீடு தள்ளி அவள் குடியிருந்த வீட்டிலிருந்து சாமான்களை ஏற்ற அவளுடைய அண்ணன் வேன் எடுத்து வந்தான். கேப்டன், நோயாளியை நாற்காலியில் வாய் பிளந்தபடி விட்டுவிட்டு, கையுறையோடு ஓடிவந்தார்.

"தீர்மானம் தோத்துப்போச்சும்மா. நீ இன்னமும் செயலாளர்தான். ஞாபகம் வச்சுக்க."

"இருக்கட்டும் சார்" என்றாள். வேனில் ஏறியதும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன், திறக்கவே இல்லை.

கை தூக்கிய மெக்கானிக்குக்கும் அவளுக்கும் ஏதோ இருக்கிறது என்று தெருவில் பேச்சு கிளம்பியது. கிளப்பியது யார் என்பது இங்கே வேண்டாம். அவனையே மடக்கிக் கேட்டேன். "பாவம், அவங்க களைச்சுப் போயிட்டாங்க. கண்ணு தெரியாதா உங்களுக்கெல்லாம்?" என்று எரிந்து விழுந்தான். கடைசியில் அவன் கட்டிக்கொண்டது பல் டாக்டரின் ஆஸ்பத்திரி நர்ஸை. இருவரும் இப்போது கப்பல் துறைமுகம் உள்ள ஊரில் இருக்கிறார்கள். அங்கே லிஃப்ட்கள் அதிகமாம்.

சங்கம் அதன்பிறகு இரண்டு கூட்டம் கூடியது. மூன்றாவதற்கு நாற்காலி போட ஆளில்லை. வெல்டர் மகன் வீட்டோடு போய்விட்டார். கேப்டனின் மகள் கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு அந்த மாடியிலேயே குடியேறிவிட்டாள்.

செயலாளருக்கும் அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கர். கதைப் புத்தகத்தைக் கையால் தொடாதவர். சங்கத்தில் யாருக்கும் பத்திரிகை இல்லை, அதில் கேப்டனுக்கு இன்றுவரை மனத்தாங்கல். எனக்கு வந்தது, போனேன். பெண் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பந்தியில் யாரோ பாயசம் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.